கஞ்சியின் குழைவும் பாலின் ஓட்டமும்

(தோட்டத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கஞ்சி. "கஞ்சியைப் பற்றி எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஓர் அதிகாரி வேண்டுமா?" என்று தாய்மார்கள் புன்னகை செய்வது எனக்குத் தெரிகின்றது. கஞ்சி காய்ச்சும் கலையில் நீங்களே ஆசிரியர்கள். ஆயினும், கஞ்சி ஏன் குழைகின்றது, வெண்டைக்காய் ஏன் கொழகொழக்கின்றது, ஊறிய வெந்தயத்தை ஏன் வழுவழுப்பு மூடிக்கொள்கின்றது என்னும் வினாக்களுக்கு விடை தேடினால், அவ்விடை அடுப்பங்கரையோடு நின்றுவிடுவதில்லை. குழந்தையின் வளர்ச்சிக்கும், நீரிழிவு நோயாளியின் நலத்திற்கும், பாரிசவாயுவால் விழுங்க இயலாமல் துன்புறும் முதியவரின் உயிருக்கும் அவ்விடையோடு தொடர்பு உண்டு. நீங்கள் நாள்தோறும் கையாளும் ரப்பர்ப் பாலுக்கும் தொடர்பு உண்டு. ஆதலின், சற்றுப் பொறுமையுடன் செவிமடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாகுநிலை என்பது யாது?

ஒரு குவளை நீரையும் ஒரு குவளை தேனையும் சாய்த்துப் பாருங்கள். நீர் உடனே ஓடிவிடுகின்றது. தேன் மெல்ல மெல்ல இறங்குகின்றது. ஓடும் பொருளுக்குள் ஒரு படலம் மற்றொரு படலத்தின்மீது வழுக்கிச் செல்லும்போது எழுகின்ற எதிர்ப்பே இதற்குக் காரணம். இவ்வெதிர்ப்பைப் பாகுநிலை என்று அறிவியல் நூல்கள் குறிக்கின்றன. நாம் பேச்சு வழக்கில் குழைவு என்கிறோம். இதனை முதன்முதலில் கணக்கோடு எண்ணிப் பார்த்தவருள் ஒருவர் ஆங்கில அறிஞர் ஐசக் நியூட்டன். 1687-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலில் அவர் இதைப் பற்றி எழுதியுள்ளார்.

நீரின் பாகுநிலையை ஒன்று என்று வைத்துக்கொண்டால், சமையல் எண்ணெய்க்கு அது ஐம்பது மடங்குக்கு மேல். தேனுக்குச் சில ஆயிரம் மடங்கு. சூடு ஏறினால் பாகுநிலை குறையும். 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் நீரைவிடக் கொதிக்கும் நீருக்குப் பாகுநிலை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். இதுவரை சொன்னவை எளியவை. தாவரங்கள் தரும் மாவும் பிசினும் நீரில் கலந்தால் நிகழ்வதே வியப்புக்குரியது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் பிசின்மாவை நூறு பங்கு நீருக்கு ஒரே ஒரு பங்கு கலந்தால் போதும். அந்நீர், வெறும் நீரைப்போல் சில ஆயிரம் மடங்கு குழைவு பெற்றுவிடும். தொண்ணூற்றொன்பது பங்கு நீர் அங்கு இருக்கவே இருக்கின்றது. ஒரு பங்கு மாவு அதனை எவ்வாறு கட்டிப்போட்டது?

நீண்ட சங்கிலிகள்

அரிசி, மரவள்ளி, சவ்வரிசி, வெந்தயம், புளியங்கொட்டை, வெண்டைக்காய் ஆகிய இவை அனைத்திலும் உள்ள ஒருவகைப் பொருளுக்குப் பாலிசாக்கரைடு என்று பெயர். தமிழில் பல்சர்க்கரை எனலாம். சர்க்கரைத் துணுக்குகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில், சிலவற்றில் இலட்சக்கணக்கில் ஒன்றோடொன்று கோக்கப்பெற்ற சங்கிலியே பல்சர்க்கரை. பூமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். உதிரிப்பூக்களைக் கூடையில் போட்டுக் கை விட்டால் கை எளிதில் உள்ளே செல்லும். அதே பூக்களை முழம் முழமாகத் தொடுத்துக் கூடையில் அள்ளிப் போட்டால் ஒன்றை இழுக்க ஒன்பது வரும். ஒரு கரண்டி சீனியை நீரில் கரைத்தால் நீர் குழைவதில்லை. ஒரு கரண்டி மாவைக் காய்ச்சினால் குழைகின்றது. இரண்டும் சர்க்கரைத் துணுக்குகளே. ஒன்று உதிரிப்பூ, மற்றொன்று தொடுத்த மாலை.

சங்கிலிகள் நீரில் விரிந்து சுருண்டு மிதக்கும்போது, தம் பருமனைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மாவு மிகக் குறைவாயிருக்கும்போது ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் இடைவெளி இருக்கும். மாவு கூடக் கூட, ஒரு நிலையில் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பின்னிக்கொள்கின்றன. அந்த எல்லையைக் கடந்துவிட்டால் குழைவு தாவி ஏறும். இவ்வகைச் சங்கிலிகள் பலவற்றில், எல்லைக்கு அப்பால் அளவை இருமடங்கு ஆக்கினால் குழைவு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். 1981-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் பல பல்சர்க்கரைகளை அளந்து இதனை ஒரு விதியாக எடுத்துக்காட்டினர். "கொஞ்சம் மாவுதான் கூடப் போட்டேன், கஞ்சி கட்டியாகிவிட்டதே!" என்று நாம் சொல்வதன் உட்பொருள் இதுவே.

சங்கிலியின் நீளம் மட்டுமன்று, அதன் உருவமும் முக்கியம். ஆப்பிரிக்காவின் சூடான் நாட்டில் ஒருவகை வேலமரத்தின் பட்டையைக் கீறிப் பிசின் எடுக்கின்றார்கள். அவர்களும் நம்மைப்போல் மரத்தை நம்பி வாழும் பாட்டாளிகளே. கீறிய இடத்தில் கசியும் பிசின் வெயிலில் உருண்டையாக இறுகும்; சில வாரங்கள் கழித்துச் சேகரிப்பார்கள். அராபியப் பிசின் என்று உலகம் வழங்கும் அப்பிசினை நீரில் பாதிக்குப் பாதிகூடக் கரைக்க முடியும். அதன் மூலக்கூறு கிளைகள் அடர்ந்து, பந்துபோல் உருண்டிருப்பதே காரணம். பந்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதில்லை. கொத்தவரைப் பிசினோ நீண்டு கிடக்கும் கொடி. ஆதலின் அதில் ஒரு பங்கே போதுமானதாகின்றது.

கலக்கினால் இளகுவது ஏன்?

மிளகாய்ச் சாஸ் புட்டியைக் கவிழ்த்தால் சாஸ் இறங்குவதில்லை. ஓங்கிக் குலுக்கினால் சட்டென்று கொட்டுகின்றது. நீரும் எண்ணெயும் அவ்வாறு செய்வதில்லை. எவ்வளவு வேகமாகக் கலக்கினாலும் அவற்றின் பாகுநிலை மாறாது. ஆனால் பல்சர்க்கரைக் கரைசல்கள் வேகமாகக் கலக்கும்போது இளகும். நிறுத்தினால் மீண்டும் குழையும். அசையாதிருக்கும்போது சங்கிலிகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. வேகமாக ஓடும்போது, ஆற்று வெள்ளத்தில் கோரைப்புல் ஒரே பக்கம் சாய்வதைப்போல், ஓட்டத்தின் திசையில் நீண்டு வரிசைப்படுகின்றன. பின்னல் அவிழ்கின்றது, எதிர்ப்புக் குறைகின்றது. ஆகையால் ஒரு கஞ்சியின் குழைவை ஒரே எண்ணால் சொல்லிவிட முடியாது. எவ்வளவு வேகத்தில் கலக்கும்போது அளந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

மாவு குழைவதற்கு ஒரு தனிக் கதை உண்டு. பச்சை அரிசிமாவைக் குளிர்ந்த நீரில் கலந்தால் சற்று நேரத்தில் அடியில் தங்கிவிடும். மாவுச்சத்து சிறு சிறு மணிகளாக இறுகியிருப்பதே காரணம். ஏறத்தாழ 60 முதல் 80 பாகை வெப்பத்தில் அம்மணிகள் நீரைக் குடித்து ஊதிப் பெருக்கின்றன. உள்ளிருக்கும் சங்கிலிகள் சில வெளியே கசிகின்றன. அதுவே கஞ்சி. மாவைக் கொதிநீரில் நேரே கொட்டினால் கட்டி விழுவதும் இதனால்தான். மேற்புற மாவு உடனே வெந்து ஒரு தோலாகி, உள்ளே நீர் புகாமல் தடுத்துவிடுகின்றது. குளிர்ந்த நீரில் முதலில் கரைத்துக்கொள்ளும் நம் பாட்டிமாரின் வழக்கம் முற்றிலும் அறிவியல் முறையே.

வெண்டைக்காயில் புளி சேர்த்தால் கொழகொழப்பு அடங்குவதையும் எண்ணிப் பாருங்கள். வெண்டைக்காய்ச் சங்கிலியில் மின்னேற்றம் உண்டு. ஒரே வகை மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி விறைத்து நீள்கின்றது. புளிப்பு சேர்ந்தால் மின்னேற்றம் குறைந்து, சங்கிலி சுருங்கிவிடுகின்றது. அகார்-அகார் என்னும் கடற்பாசிச் சத்தோ வேறொரு வகை. அச்சொல்லே மலாய் மொழி உலகுக்கு ஈந்த சொல். அதன் சங்கிலிகள் ஆறும்போது ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அப்போது அது ஓடும் பொருளாக இராமல் கத்தியால் வெட்டக்கூடிய கட்டியாகிவிடுகின்றது.

குழைவு காட்டிக்கொடுத்த உண்மை

இத்தகைய நீண்ட சங்கிலிகள் உண்டென்பதை ஒரு காலத்தில் அறிஞர்களே ஏற்கவில்லை. ரப்பர், மாவுச்சத்து, பருத்தி ஆகியவை சிறு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்ட கூட்டங்கள் என்றே பலர் நம்பினர். ஜெர்மானிய வேதியியல் அறிஞர் ஹெர்மன் ஸ்டௌடிங்கர் 1920-ஆம் ஆண்டில் அக்கருத்தை மறுத்தார். இவை உண்மையிலேயே நீண்ட பெரும் மூலக்கூறுகள் என்றார். ஏளனம் செய்தவர் பலர். அவர் தம் கூற்றை நிலைநாட்டக் கையாண்ட சான்றுகளுள் ஒன்று கரைசலின் பாகுநிலை. சங்கிலி நீள நீளக் கரைசல் குழைகின்றது. ஆகவே குழைவை அளந்தால் சங்கிலியின் நீளத்தை மதிப்பிடலாம் என்று அவர் காட்டினார். அவர் ஆராய்ந்த முதன்மையான பொருள்களுள் ஒன்று ரப்பர் என்பதை நாம் பெருமையோடு நினைவுகூரலாம். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே உங்களுள் ஒருவர், "ரப்பரும் நீண்ட சங்கிலிதான் என்றால், மங்கில் இருக்கும் பால் ஏன் கஞ்சிபோல் குழையவில்லை?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பாலில் ரப்பர் கரைந்திருக்கவில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள நுண்ணிய உருண்டைகளாக மிதக்கின்றது. சங்கிலிகள் யாவும் அவ்வுருண்டைகளுக்குள் சுருண்டு அடங்கியிருக்கின்றன. ஆதலால் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு ரப்பர் இருந்தும் பால் தடையின்றி மங்கிற்கு இறங்குகின்றது. அமிலம் சேர்த்ததும் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கட்டிப்பால் ஆகின்றது.

புளியங்கொட்டையும் ரப்பர்ப் பாலும்

கையுறை முதலிய பொருள்கள் செய்ய, நூற்றுக்கு 60 பங்கு ரப்பர் உள்ள செறிவுப் பால் தேவை. பெரும்பாலான ஆலைகளில் அதனை விரைந்து சுழலும் இயந்திரத்தால் பிரித்தெடுக்கின்றனர். மற்றொரு முறையும் உண்டு. அதற்குத் துணைசெய்வது நம் வீட்டுப் புளியங்கொட்டை! கொட்டையின் பருப்பை மாவாக்கி, நீரில் காய்ச்சி வடிகட்டி, அம்மோனியா கலந்து கெடாமல் காத்த பாலில் சிறிதளவு சேர்க்கின்றார்கள். அசைக்காமல் சில நாள்கள் விட்டுவிட்டால், தயிரில் ஆடை படிவதுபோல் ரப்பர் மிகுந்த பகுதி மேலே திரளும். கீழே நிற்கும் நீரை வடித்துவிடலாம். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் உப்பும் இதே பணியைச் செய்யும்.

இதில் ஒரு புதிர் உள்ளது. குழைவு தரும் பொருளைச் சேர்த்தால் ரப்பர் உருண்டைகளின் ஓட்டம் தடைப்பட வேண்டும் அல்லவா? மாறாக, அவை விரைந்து மேலேறுகின்றன. நீண்ட சங்கிலிகள் உருண்டைகளைக் கொத்துக் கொத்தாகச் சேரச் செய்கின்றன என்பதே விடை. ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே மேலேற முயல்கின்றது. 1851-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் கண்ட விதிப்படி, உருண்டையின் விட்டம் இருமடங்கானால் அது ஏறும் வேகம் நான்கு மடங்காகும். குழைவினால் இழந்த வேகத்தைவிடக் கொத்தாகச் சேர்ந்ததால் பெற்ற வேகம் மிகுதி. தனித்தனியே மிதந்தபோது முடியாத காரியம் கூடியபோது முடிந்தது. தொழிற்சங்கத் தோழர்களுக்கு இதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை!

இனி, என் உரையின் முதன்மைப் பகுதிக்கு வருகின்றேன்.

குழந்தைக்கு ஊட்டும் கஞ்சி

கெட்டியான கஞ்சி சத்துள்ள கஞ்சி என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். கெட்டித்தன்மை சத்துக்கு அளவுகோல் அன்று. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு மில்லிலிட்டர் கஞ்சிக்குப் பத்துக் கிராம் அரிசிமாவு போட்டாலே கரண்டியில் நிற்கும் அளவுக்குக் குழைந்துவிடும். அப்பத்துக் கிராம் மாவு தரும் ஆற்றல் ஏறத்தாழ 36 கலோரி. அதே அளவு தாய்ப்பாலில் உள்ளதோ ஏறத்தாழ 65 முதல் 70 கலோரி. கெட்டியாகத் தோன்றும் அந்தக் கஞ்சி, நீர்போல் ஓடும் தாய்ப்பாலில் பாதிதான்! மாவின் சங்கிலிகள் நீரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நம் கண்ணை ஏமாற்றுகின்றன.

குழந்தையின் இரைப்பையோ சிறியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 கிராம் உணவு என்பது ஒரு வேளைக்கு அது கொள்ளும் அளவாக மதிப்பிடப்படுகின்றது. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்கு 240 கிராமுக்கு மேல் உண்ண இயலாது. வயிறு நிறைந்துவிடும், தேவை நிறையாது. குழந்தை அழாது, ஆனால் வளராது. ஆரவாரமின்றி வரும் இக்குறையைத் தாய்மார்கள் எளிதில் அறிவதில்லை. எடை போடும் நாளன்றுதான் தெரிகின்றது. ஆதலின் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரைகள், குழந்தையின் துணை உணவில் ஒரு கிராமுக்கு 0.8 கலோரியேனும் இருத்தல் நலம் என்கின்றன.

மாவை இன்னும் கூட்டினால் என்ன? முன்பு சொன்ன விதி நினைவிருக்கட்டும். மாவு இருமடங்கானால் குழைவு பன்மடங்காகும். களிபோல் ஆகிக் குழந்தையால் விழுங்க முடியாமற்போகும். நீரைக் கூட்டினால் சத்துக் குறையும். இந்த இரண்டுக்கும் இடையே சிக்கிய தாய்க்கு இரு வழிகள் உள்ளன.

முதல் வழி, குழைவு தராத சத்தைச் சேர்ப்பது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ ஐந்து கிராம். அது 45 கலோரி தரும். மேலே சொன்ன கஞ்சியில் அதைச் சேர்த்தால் 36-உம் 45-உம் கூடி 81 ஆகின்றது. எண்ணெய் கஞ்சியைக் கெட்டியாக்குவதில்லை; இளக்கவே செய்யும். ஆனால் ஆற்றல் மட்டும் போதாது. உடல் வளரப் புரதமும் இரும்புச்சத்தும் வேண்டும். ஆகவே நன்கு வெந்து மசித்த பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தல் வேண்டும்.

இரண்டாம் வழி, சங்கிலியை வெட்டுவது. தானியம் முளைவிடும்போது அதனுள் அமைலேஸ் என்னும் நொதி தோன்றுகின்றது. மாவுச்சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும் கத்தரிக்கோல் அது. கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்த மாவை நம் முன்னோர் குழந்தைகளுக்கு ஊட்டினர். இந்தியாவில் பரோடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களில் இதனை ஆராய்ந்து, கெட்டியான கஞ்சியில் முளைகட்டிய தானிய மாவைச் சிறிது கலந்தால் சில நிமிடங்களில் கஞ்சி இளகிவிடுவதைக் காட்டினர். நூறு மில்லிலிட்டருக்கு இருபது கிராம் மாவு போட்டும் குழந்தை விழுங்கத்தக்க கஞ்சியாக அது நிற்கும். ஆற்றல் ஏறக்குறைய இருமடங்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நொதி கொதிநிலையில் அழிந்துவிடும். ஆதலால் கஞ்சியை இறக்கி, கொதிப்பு அடங்கிய பின் முளைமாவைத் தூவிக் கலக்குங்கள். சில நிமிடங்கள் விட்டு, இளகியதும் மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்து, ஆறவைத்து ஊட்டுங்கள். முளைகட்டும்போது பூஞ்சை பிடித்த தானியத்தை இரக்கமின்றி எறிந்துவிடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் 8 மாதம் வரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளையும், 9 மாதம் முதல் மூன்று நான்கு வேளையும் துணை உணவு கொடுத்து, இரண்டு வயது வரை தாய்ப்பாலையும் தொடர வேண்டும்.

நீரிழிவும் இருவகைக் குழைவும்

அடுத்து நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்ததைக் காட்டியது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. எல்லா இனத்தாரிலும் நாமே முதலிடத்தில் இருந்தோம். பெருமைப்படத்தக்க முதலிடம் அன்று இது.

"சோற்றைக் குறைத்துக் கஞ்சியாகக் குடிக்கின்றேன்" என்று சொல்லும் நோயாளிகள் உண்டு. அவர்கள் அறிய வேண்டிய உண்மை ஒன்று உள்ளது. எச்சில் பட்ட கரண்டியைக் கஞ்சிக் கிண்ணத்தில் விட்டுவைத்தால் சற்று நேரத்தில் கஞ்சி நீர்த்துப் போவதைக் கண்டிருப்பீர்கள். நம் உமிழ்நீரிலும் அமைலேஸ் நொதி உண்டு. குழைய வெந்த மாவின் சங்கிலியை உமிழ்நீரும் குடல்நீரும் நொடியில் வெட்டிச் சர்க்கரையாக்கிவிடுகின்றன. ஆகவே கஞ்சியின் குழைவு உடலுக்குள் நிற்பதில்லை. அளவு ஒத்திருந்தால், குழைந்த கஞ்சி இரத்தத்தில் சர்க்கரையை உதிரிச் சோற்றைவிட விரைவாகவே ஏற்றக்கூடும்.

வெந்தயம், கொத்தவரை, இசப்புகோல் ஆகியவற்றின் சங்கிலிகள் வேறு வகையின. அவற்றை வெட்டும் கத்தரிக்கோல் மனித உடலில் இல்லை. அக்குழைவு குடலிலும் நிலைத்து நின்று, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தை அடைவதைத் தாமதப்படுத்துகின்றது. 1978-இல் இங்கிலாந்தில் டேவிட் ஜென்கின்ஸ் என்னும் மருத்துவ ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் இதனைச் சோதித்தனர். கொத்தவரைப் பிசினைச் சர்க்கரை நீரோடு கொடுத்தபோது இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் குறைந்தது. அதே பிசினின் சங்கிலியை முன்கூட்டியே வெட்டி, குழைவை அகற்றிக் கொடுத்தபோது அந்த நன்மை மறைந்தது. நன்மை செய்தது குழைவே என்பது அதனால் தெளிவாயிற்று.

ஆயினும், வெந்தயம் மருந்துக்கு ஈடாகாது. "ஊறவைத்த வெந்தயம் சாப்பிடுகின்றேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று சொல்பவர்கள் தம் கண்ணையும் சிறுநீரகத்தையும் பணயம் வைக்கின்றார்கள். மாத்திரையோடு வெந்தயமும் மிகுதியாக உண்பவர்கள் அதனை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்; சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். இசப்புகோலை எப்போதும் ஒரு முழுக் குவளை நீருடன் உடனே அருந்துங்கள். உலர்ந்த தூளாக வாயில் போட்டால், அது தொண்டையிலேயே நீரை உறிஞ்சிப் பருத்து மூச்சை அடைத்துவிடும். விழுங்குவதில் துன்பம் உள்ளவர்கள் அதனைத் தொடவே கூடாது.

விழுங்க இயலாத முதியோர்

இறுதியாக, பாரிசவாயு கண்ட முதியோர். அவர்களுள் பலருக்குத் தொண்டைத் தசைகள் மெதுவாக இயங்கும். வெறும் நீர் மிக வேகமாக ஓடுவதால், தொண்டை மூடிக்கொள்வதற்குள் அது மூச்சுக்குழாயில் புகுந்து இருமலையும், பின் நுரையீரல் காய்ச்சலையும் உண்டாக்கும். அன்பினால் நாம் கொடுக்கும் ஒரு குவளை நீரே ஆபத்தாகலாம். ஆகவேதான் மருத்துவமனைகளில் சிலருக்கு நீரைக் குழைவாக்கிக் கொடுக்கச் சொல்கின்றார்கள். குழைந்த நீர் மெல்ல இறங்குவதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கின்றது.

எவ்வளவு குழைவு என்பதை அளக்க இன்று பல நாடுகள் ஏற்றுள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. அதற்கென வரையறுத்த பத்து மில்லிலிட்டர் ஊசிக்குழலில் பானத்தை நிரப்பி, பத்து விநாடி ஓடவிட்டு, எவ்வளவு மீந்திருக்கின்றது என்று பார்ப்பார்கள். நீர் முழுவதும் ஓடிவிடும். நான்கு முதல் எட்டு மில்லிலிட்டர் வரை மீந்தால் அது இரண்டாம் நிலைக் குழைவு. எந்த நோயாளிக்கு எந்த நிலை என்பதை மருத்துவரும் பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளருமே தீர்மானிக்க வேண்டும். மாவுத்தூள் கொண்டு குழைத்த பானம் எச்சில் பட்டதும் நீர்த்துவிடும் என்பதையும் மறவாதீர்கள். ஒருமுறை வாய்வைத்த குவளையை நெடுநேரம் வைத்திருந்து மீண்டும் கொடுத்தால், அது பழைய குழைவோடு இராது.

தோழர்களே! தாய்மார்களே! நான் சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகின்றேன். குழைவு என்பது நீண்ட சங்கிலிகளின் பின்னல். அது சத்தின் அளவன்று. குழந்தையின் கஞ்சியில் வேண்டாத குழைவைக் குறைத்துச் சத்தைக் கூட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் உடைந்துபோகும் குழைவை நம்பாமல், நிலைத்து நிற்கும் குழைவையும் மருத்துவர் சொல்லையும் துணைகொள்ளுங்கள். முதியோருக்குக் கொடுக்கும் நீரின் குழைவை மருத்துவர் சொன்னபடி காத்திடுங்கள்.

பாலின் தன்மையைக் கண்ணால் பார்த்தே அறியும் திறம் உங்களுக்கு உண்டு. அந்தக் கூரிய பார்வை வீட்டுக் கஞ்சிக் கிண்ணத்தின்மீதும் படியட்டும். குழந்தையின் எடை அட்டையை ஒவ்வொரு மாதமும் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஐயம் இருப்பின் அங்குள்ள தாதியரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.